பாலையூற்றில் மேல்மாடி கட்டி வாடகைக்கு விட யோசனை: கடனும் வரியும் போக கையில் என்ன மிஞ்சும்?

பாலையூற்றுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை சீனக்குடாவில் வேலை, மாதம் 180,000 ரூபா சம்பளம். மனைவி ஆசிரியை, அவவுக்கு 70,000 வருகிறது. பாலையூற்றில் இருக்கும் வீடு அவவின் சீதனம், உறுதி அவவின் பெயரில்தான். பிளேட் (கொங்கிரீட் கூரை) போட்ட வீடு என்பதால் மேலே இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, குளியலறை கட்டி வாடகைக்கு விடலாம் என்று யோசிக்கிறோம். மேசன் போட்டுக் கொடுத்த கணக்கு 60 இலட்சம். வங்கியில் கேட்டேன், 12 சதவீதம், 15 வருடம், முதல் இரண்டு வருடம் வட்டி மாறாது, அதற்குப் பிறகு சந்தை வட்டிப்படி என்றார்கள். பக்கத்தில் இந்த அளவு வீட்டுக்கு 45,000 வாடகை போகிறது.

என்னுடைய பயம் வரிதான். சம்பளத்தில் ஏற்கெனவே வெட்டுகிறார்கள், இதற்கு மேல் வாடகைக்கும் 36 சதவீதம் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். அப்படியென்றால் கட்டி என்ன பிரயோசனம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சல்லிப்பெண்

பின்தொடர்கிறேன். அம்மாவின் வீட்டுக்கும் இதே கேள்விதான் எனக்கு.

கணக்குப்புத்தகம்

தம்பி, 36 என்று சொன்னவர் கடைசிப் படியைச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கும் அந்தப் படிக்கும் வெகு தூரம். 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் நிவாரணம், அதாவது வரி போடாமல் விடும் வருமானம், வருடத்துக்கு 18 இலட்சம். அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், பிறகு ஐந்தைந்து இலட்சமாக 18, 24, 30, அதற்கும் மேலே போனால்தான் 36. உங்கள் சம்பளம் வருடத்துக்கு 21,60,000. அதில் 3,60,000-க்கு 6 சதவீதம், மாதம் 1,800 வெட்டுகிறார்கள், சரிதானே?

ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை நீங்களே எழுதிவிட்டு கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். வீடு மனைவியின் பெயரில். அப்படியென்றால் வாடகை அவவின் வருமானம், உங்களுடையது இல்லை. நம் சட்டத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிக் கணக்கு. அவவின் சம்பளம் வருடத்துக்கு 8,40,000. வாடகை 5,40,000. வாடகையில் 25 சதவீதத்தைத் திருத்தவேலை, தேய்மானம் என்று கழிக்கலாம், பில் ஒன்றும் காட்டத் தேவையில்லை. மிச்சம் 4,05,000. இரண்டையும் கூட்டினால் 12,45,000. 18 இலட்சத்துக்குள்ளேயே நிற்கிறது. வரி பூச்சியம்.

இதே வீடு உங்கள் பெயரில் இருந்திருந்தாலும் அந்த 4,05,000-க்கு 6 சதவீதம், வருடத்துக்கு 24,300 தான். தலைபோகிற காசு இல்லை.

பாலையூற்றுக்காரன்

அக்கா, ஒரு மாதமாக நித்திரை இல்லாமல் யோசித்த விஷயத்தை இரண்டு பந்தியில் முடித்துவிட்டீர்கள். மிக்க நன்றி. அப்போ 60 இலட்சத்துக்கும் கையெழுத்துப் போடலாமா?

சோளகக்காற்று

தம்பி பொறுங்கள். வரி பூச்சியம் என்றதும் கடனும் லேசு என்று நினைத்துவிடாதீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

உப்புவெளியில் எனக்கு நாலு அறை உள்ள சின்ன விடுதி. 2020 கடைசியில் வட்டி நன்றாக விழுந்திருந்த நேரம், 50 இலட்சம் எடுத்தேன், 9 சதவீதம், 15 வருடம். மாதத் தவணை 50,700 சொச்சம். மாறும் வட்டி என்று கடிதத்தில் இருந்தது, நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. அந்த வருடம் முடிவதற்குள் என்னுடைய வட்டி 27-க்கு வந்துவிட்டது. கடன் மிச்சம் 46 இலட்சத்து சொச்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள், வட்டி மட்டும் மாதம் ஒரு இலட்சத்தைத் தாண்டுகிறது, கடன் முதலில் ஒரு சதமும் குறையாமல். பெற்றோல் வரிசையில் நாடு நின்ற காலம், வெள்ளைக்காரரும் இல்லை, உள்ளூர் ஆட்களும் இல்லை. மனைவியின் தாலிக்கொடியைத் தவிர மிச்சம் எல்லாம் அடகுக்குப் போனது. ஆறு மாதம் வட்டி மட்டும் கட்ட விடச் சொல்லி வங்கிக்கு எத்தனை தரம் நடந்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

அதனால் வட்டி இன்றைக்கு என்ன என்பதோடு நிற்காதீர்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு எந்த வீதத்தோடு எத்தனை புள்ளி சேர்த்துப் போடுவார்கள், அதற்கு உச்சவரம்பு ஏதும் இருக்கிறதா, முந்திக் கட்டி முடித்தால் தண்டப்பணம் எவ்வளவு, இது மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பித்தான் நான் அடிபட்டேன்.

கணக்குப்புத்தகம்

சோளகக்காற்று அண்ணை சொன்னது அத்தனையும் சரி. நான் வரியை மட்டும் பார்த்துவிட்டு கடனைப் பேசாமல் விட்டது பிழை. இப்போ இலக்கங்களைப் பாருங்கள்.

60 இலட்சம், 12 சதவீதம், 15 வருடம் என்றால் தவணை 72,000. வருடத்துக்கு 8,64,000. வாடகை 12 மாதமும் வராது, ஆள் மாறும்போது ஒரு மாதமாவது வெறுமையாகக் கிடக்கும். 11 மாதம் என்றால் 4,95,000. ஆக வருடத்துக்கு 3,69,000, மாதம் ஏறத்தாழ 31,000 உங்கள் சம்பளத்தில் இருந்து போடவேண்டும், வட்டி ஏறாவிட்டால்கூட.

இதே கடன் 30 இலட்சம் என்றால் தவணை 36,000. வருடத்துக்கு 4,32,000. வாடகை தவணையைத் தாங்கி 63,000 மிஞ்சுகிறது. அந்தக் காசை எடுத்துச் செலவழிக்காமல் ஒரு கணக்கில் போட்டுவிட்டால் மோட்டர் எரிந்தாலும் தண்ணீர்த் தாங்கி வெடித்தாலும் கையைப் பிசையத் தேவையில்லை. உங்கள் வாடகை தாங்கக்கூடிய கடன் இந்த அளவுதான்.

இன்னொன்று. கடனை யார் பெயரில் எடுக்கப் போகிறீர்கள்? பலர் பிழைவிடும் இடம் இது. வாடகை உழைக்கப் பயன்பட்ட கடனின் வட்டியை அந்த வாடகை வருமானத்தில் இருந்து கழிக்கலாம், கடன் முதல் தொகையைக் கழிக்க முடியாது. ஆனால் வாடகை மனைவிக்கு, கடன் கணவனுக்கு என்றால் கணவனிடம் வட்டியைக் கழிக்க வாடகை வருமானமே இல்லை. சம்பளத்தில் இருந்து கழிக்க விடமாட்டார்கள். இன்றைக்கு உங்களுக்கு வரி பூச்சியம் என்பதால் வித்தியாசம் தெரியாது. நாளைக்கு வாடகை கூடி, மனைவியின் சம்பளமும் கூடினால் தெரியும். மனைவியைக் கடனாளியாகவும் உங்களைக் கூட்டுக் கடனாளியாகவும் போடச் சொல்லுங்கள். எப்படியும் ஈடு வைக்கப் போவது அவவின் உறுதியைத்தானே. வருடா வருடம் வட்டிச் சான்றிதழ் கேட்டு வாங்கி கோப்பில் போடுங்கள்.

அநுராதபுரச்சந்தி கடைக்காரர்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஒரு கடைக்கட்டடம் இருக்கிறது, ஒரு நிறுவனத்துக்கு மாதம் 150,000-க்குக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் மாதம் 15,000 வெட்டிக்கொண்டு 135,000 தான் தருகிறார்கள். அது வரி, போனது போனதுதான் என்று விட்டுவிட்டேன். இந்தக் கட்டடம் தவிர எனக்கு வேறு வருமானம் கிடையாது.

கணக்குப்புத்தகம்

ஐயோ அண்ணை, அது போன காசு இல்லை! மாதம் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வாடகையை நிறுவனம் கட்டும்போது 10 சதவீதம் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்கு உங்கள் பெயரில் கட்டவேண்டும், அதுதான் அது. குடும்பம் ஒன்று தங்குவதற்காக வீட்டை எடுத்தால் அவர்கள் பிடிக்கத் தேவையில்லை. பிடித்தது முற்பணம் மாதிரி. உங்கள் வருட வாடகை 18 இலட்சம், 25 சதவீதம் கழிய 13,50,000. நிவாரணத்துக்குள்ளே. நீங்கள் கட்டவேண்டிய வரி ஒரு சதமும் இல்லை. வருடத்துக்கு 1,80,000 திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பிடித்ததற்கான சான்றிதழை அந்த நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள், நவம்பர் 30-க்குள் வருமான விவரத்திரட்டைக் கொடுத்து அதில் மீளக் கோருங்கள்.

வாடகை முற்பணம் ஏதும் வாங்குகிறீர்களா?

அநுராதபுரச்சந்தி கடைக்காரர்

ஆம் தங்கச்சி. முன்பு ஒருவருடன் இருந்தது ஒரு வருட முற்பணம்தான். இவர்களும் அடுத்த ஒப்பந்தத்துக்கு அப்படியே கேட்கிறார்கள், மார்ச்சிலேயே தந்துவிடுகிறோம் என்கிறார்கள்.

கணக்குப்புத்தகம்

மார்ச்சில் வாங்காதீர்கள். தனிநபரின் வாடகை வருமானம் காசு கையில் வந்த நாளை வைத்துத்தான் கணக்கு. வரி வருடம் ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. இந்த வருட வாடகை 18 இலட்சமும் வாங்கி, அடுத்த வருடத்து 18 இலட்சத்தையும் மார்ச்சில் வாங்கினால் ஒரே வரி வருடத்தில் 36 இலட்சம். 25 சதவீதம் கழிய 27 இலட்சம், நிவாரணம் கழிய 9 இலட்சம், அதற்கு 54,000 வரி. அதே காசை இரண்டு கிழமை பிந்தி ஏப்ரலில் வாங்கினால் பூச்சியம். பாவிக்காத நிவாரணத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. திருப்பிக் கொடுக்கவேண்டிய வைப்புப் பணம் வேறு, அது வருமானம் ஆகாது. மாத வாடகையில் கழிபடும் முற்பணம்தான் வருமானம்.

அநுராதபுரச்சந்தி கடைக்காரர்

இதை எனக்கு இத்தனை வருடமாக ஒருவரும் சொல்லித் தரவில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் உங்களுக்கும் சேர்த்துக் கும்பிடுகிறேன் தங்கச்சி.

உவர்மலை ஓய்வூதியர்

கடனையும் வரியையும் பற்றி நல்லாப் பேசுகிறீர்கள். நான் இரண்டு விஷயம் சொல்கிறேன், ஒன்று உறுதி, மற்றது கம்பி.

நம்முடைய ஊரில் 90 இடப்பெயர்வில் உறுதியைத் தொலைக்காத குடும்பம் குறைவு. கையில் இருப்பது போட்டோப் பிரதியா, மூல உறுதியா என்று முதலில் பாருங்கள். வங்கியின் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைப் பின்னோக்கித் தேடிப் பார்ப்பார். இடையில் ஒரு கைமாற்றம் பதியப்படாமல் கிடந்தால் கடன் அங்கேயே நிற்கும். அறுதி உறுதியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்பதும் முக்கியம். அனுமதிப்பத்திரக் காணியை பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் ஈடு வைக்கவும் முடியாது, குத்தகைக்குக் கொடுக்கவும் முடியாது. கன்னியாப் பக்கம் இப்படி மாடி கட்டி முடித்துவிட்டு வங்கி மறுத்து நின்றவர்களை எனக்குத் தெரியும். கீழ்த்தளத்துக்கு அனுமதி வாங்கியிருந்தாலும் மேல்தளத்துக்கு உள்ளூராட்சி சபையில் புதிதாக வரைபட அனுமதி எடுக்கவேண்டும். அது இல்லாமல் வங்கி முதல் தவணைக் காசையே விடாது. சபைக்குக் கட்டும் சோலைவரிப் பற்றுச்சீட்டும் கேட்பார்கள், நிலுவை இருந்தால் இப்பவே கட்டுங்கள்.

அடுத்தது கம்பி. என்னுடைய வீடு கடலில் இருந்து கூப்பிடு தூரம். கட்டி இருபது வருடம் ஆகவில்லை. போன மாரியில் ஒருநாள் விடிய, பின்விறாந்தையில் சாப்பாட்டுத் தட்டு அளவு ஒரு பூச்சுத் துண்டு விழுந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் பிளேட்டுக்குள் கம்பி கருஞ்சிவப்பாக, விரலால் தேய்க்க இதழ் இதழாகக் கழன்று வருகிறது. அரை அங்குலக் கம்பி பென்சில் தடிப்புக்கு மெலிந்துவிட்டது. கட்டும்போது கம்பிக்கும் பலகைக்கும் இடையில் வைக்கவேண்டிய கவர்க் கட்டையை மேசன் வைக்கவில்லை, மணலையும் கழுவவில்லை. திருத்த நாலு இலட்சம் முடிந்தது. உங்கள் கீழ்வீட்டுப் பிளேட் மேலே ஒரு மாடியைத் தாங்குமா என்று ஒரு பொறியியலாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள் தம்பி. அவருக்குக் கொடுக்கும் காசு பெரிய காசு இல்லை.

சல்லிப்பெண்

ஐயா, அந்த நாலு இலட்சத்தை வரியில் கழிக்க முடிந்ததா?

கணக்குப்புத்தகம்

ஐயாவுக்குப் பதிலாக நான் சொல்கிறேன். வாடகைக்கு விட்ட பகுதி என்றால் இரண்டில் ஒன்றுதான். ஒன்று பில் இல்லாமல் அந்த 25 சதவீதம், இல்லாவிட்டால் உண்மையாகச் செலவழித்த தொகை, பில்லோடு. இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது. வருட வாடகை 5,40,000 என்றால் 25 சதவீதம் 1,35,000. அந்த வருடத்தில் மட்டும் திருத்தச் செலவு நாலு இலட்சம் வந்தால் பில்லை வைப்பதுதான் இலாபம். ஆனால் வரியே வராத ஆளுக்கு எதை எடுத்தாலும் ஒன்றுதான்.

கோணேசபுரிவாசி

யாருக்கு வாடகைக்கு விடப்போகிறீர்கள் என்பதை யாரும் கேட்கவில்லையே. நான் கம்பஸ் பிள்ளைகளுக்கு விடுகிறேன். தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதால் கூட்டிப் பார்த்தால் நல்ல காசு, ஆனால் கம்பஸ் மூடினால் வீடும் மூடினது மாதிரி. 2020-இல் மாதக்கணக்கில் ஒரு சதம் வரவில்லை. பாலையூற்றில் இருந்து கம்பஸ் தூரம், உங்களிடம் பிள்ளைகள் வரமாட்டார்கள். மாகாண சபைத் திணைக்களங்களுக்கு மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்து இடமாற்றத்தில் வருகிற உத்தியோகத்தர்களைப் பாருங்கள். வெள்ளி பின்னேரம் ஊருக்குப் போய் திங்கள் விடியத்தான் வருவார்கள், வீடும் பழுதாகாது. ஜனவரி இடமாற்றத்துக்கு முன்னே வீடு முடிந்திருக்கவேண்டும், அதைத் தவறவிட்டால் அடுத்த நல்ல ஆள் கிடைக்க நாளாகும்.

பாலையூற்றுக்காரன்

உப்புவெளிப் பக்கம் மாதிரி நாள் வாடகைக்கு, சுற்றுலா ஆட்களுக்கு விட்டால் கூட வருமா?

சோளகக்காற்று

பாலையூற்றில் கடற்கரை இல்லையே தம்பி. எங்களுக்கே சித்திரை தொடங்கி புரட்டாதி வரைதான் ஓட்டம். வாடைக்காற்று பிறந்து கடல் கொந்தளித்தால் புறாத்தீவுக்குப் படகும் இல்லை, அறைகளில் ஆளும் இல்லை, தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். அதோடு அது வாடகை வருமானம் ஆகாது, வியாபார வருமானம். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதியவேண்டும், கணக்கு வைக்கவேண்டும், அந்த 25 சதவீதச் சலுகையும் கிடையாது. உங்களுக்கு மாத வாடகைதான் சரி.

ரொறன்ரோவிலிருந்து

எனக்கும் நிலாவெளியில் ஒரு காணி வாங்கி வீடு கட்டி விட ஆசை. கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டேன், இலங்கைக் குடியுரிமை இல்லை. என் பெயரில் எழுதலாமா?

உவர்மலை ஓய்வூதியர்

முடியாது தம்பி. 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணியை உரிமை மாற்ற முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் தடையில்லை, முதலில் அதை எடுங்கள். தாய் தகப்பனிடம் இருந்து முதுசமாக வருவது வேறு விஷயம். அண்ணன் பெயரில் எழுதி வைப்போம், பிறகு மாற்றுவோம் என்று மட்டும் செய்யாதீர்கள். அப்படிச் செய்து பேச்சுவார்த்தை அறுந்த சகோதரங்களை நான் கண்டிருக்கிறேன்.

கணக்குப்புத்தகம்

அங்கே வரி கட்டுகிற வதிவாளராக இருந்தால் இங்கத்தைய வாடகையையும் கனடா விவரத்திரட்டில் காட்டவேண்டும் தம்பி. அங்குள்ள ஒரு கணக்காளரைக் கேளுங்கள்.

சல்லிப்பெண்

அம்மாவின் வீடு சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வாடகை வந்ததாகக் கணக்கிட்டு வரி போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேனே?

கணக்குப்புத்தகம்

சர்வதேச நாணய நிதியத்துடன் பேசியபோது அப்படி ஒரு யோசனை இருந்தது, 2025 ஏப்ரலில் வரும் என்றார்கள். கொண்டுவரவில்லை. அதைக் கேட்டுப் பயந்து அவசரத்தில் வீட்டை விற்காதீர்கள். விற்கத்தான் போகிறீர்கள் என்றால் 2017 செப்டெம்பர் 30 அன்று வீட்டின் சந்தைப் பெறுமதி என்ன என்று ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள். மூலதன ஆதாய வரிக்கு பழைய சொத்துகளின் ஆரம்ப விலை அதுதான்.

பாலையூற்றுக்காரன்

எல்லாவற்றையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நிலையான வைப்பில் 22 இலட்சம் இருக்கிறது, அதைத் தொடக்கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தோம். இப்போ அதையும் போட்டு, கடனை 30 இலட்சத்தோடு நிறுத்தி, முன்பக்க போர்ட்டிக்கோவையும் மாபிளையும் விட்டுவிடுவோம் என்று முடிவு. மேசனும் 52 இலட்சத்துக்குள் முடிக்கலாம் என்கிறார். ஆனால் அக்கா, வைப்பை உடைத்தால் அந்த வட்டி போய்விடுமே, அது நட்டம் இல்லையா?

கணக்குப்புத்தகம்

நட்டம்தான், மறைக்காமல் கணக்கில் எடுங்கள். 8 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 1,76,000 போகிறது. வாடகையில் மிஞ்சுவதோ 63,000. முதல் சில வருடம் வைப்பில் வைத்திருந்தவனைவிட உங்கள் கையில் குறைவாகத்தான் காசு இருக்கும். கடன் முடிந்த பிறகு, அல்லது வாடகை ஏறிய பிறகுதான் இது உங்களுக்குத் திருப்பித் தரும். பத்துப் பதினைந்து வருடம் பொறுக்க முடியும், பிள்ளைகளுக்கும் மேல்வீடு தேவைப்படும் என்றால் கட்டுங்கள். மூன்று வருடத்தில் இலாபம் பார்க்கவேண்டும் என்றால் காசை வைப்பிலேயே விடுங்கள். உடைப்பதானால் முதிர்வுத் திகதி வரை பொறுங்கள்.

பாலையூற்றுக்காரன்

இரண்டு மகள்மார் அக்கா. கட்டத்தான் போகிறோம். வைப்பு அடுத்த மாதம் முதிர்கிறது.

உவர்மலை ஓய்வூதியர்

நல்லது. வாடகை ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன் எழுதி காணிப் பதிவகத்தில் பதியுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் சட்டத்தில் செல்லாது. எழுதியிருந்தால்தான் காலம் முடிந்தும் எழும்ப மாட்டேன் என்பவரை 2023-இல் வந்த சட்டத்தின் கீழ் விரைவாக எழுப்பலாம். இல்லையென்றால் வழக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் வரை இழுபடும்.

பாலையூற்றுக்காரன்

ஐயா, நீங்கள் கேட்டபடி அலுமாரியைத் திறந்து பார்த்தேன். மனைவியின் சீதன உறுதி மூலம் இருக்கிறது. அதற்கு முந்திய, மாமியின் தாயார் வாங்கிய உறுதி போட்டோப் பிரதி மட்டும்தான், ஒரு மூலையில் கறையான் அரித்து இலக்கத்தின் கடைசி எழுத்து தெரியவில்லை. திங்கள் காணிப் பதிவகத்துக்குப் போகிறேன்.

உவர்மலை ஓய்வூதியர்

இலக்கம் பாதி தெரிந்தாலும் பரவாயில்லை. உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயர், எழுதிய திகதி, காணியின் பெயர், நாலு எல்லை, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மனைவியின் உறுதியில் பதிவுப் புத்தகத்தின் பகுதியும் பக்கமும் எழுதியிருக்கும், அதைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் பழையது தானாக வரும். மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள், பழைய எல்லைக்காரரின் பெயர் அவவுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.